மகளின் சினைப்பையில் கட்டி: ஸ்கேன் எதைச் சொல்லும், எதைச் சொல்லாது? – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வயிற்றுவலி என்று அழைத்துவந்த சிறுமிக்கு ஸ்கேன் முடிந்ததும், அறிக்கையைக் கையில் வாங்கிய அப்பா வாசலிலேயே நின்று கைபேசியில் தேடத் தொடங்கிவிடுவார். அங்கே வருவதெல்லாம் ஐம்பது, அறுபது வயதுப் பெண்களுக்கு வரும் சினைப்பைப் புற்றுநோயைப் பற்றிய செய்திகள். பதினோரு வயது மகளுக்கும் அவற்றுக்கும் ஏறக்குறைய ஒட்டே இல்லை. குழந்தைகளுக்கு அல்ட்ராசவுண்ட் ஸ்கேன் (ஒலியலைகளால் உள்ளுறுப்புகளைப் பார்ப்பது) எடுக்கும் வேலையில் இருப்பவள் என்ற முறையில், என்னிடம் திரும்பத் திரும்ப வரும் கேள்விகளையும், பெற்றோர் கேட்கத் தயங்கி விழுங்கிவிடுகிற சிலவற்றையும் இங்கே எழுதுகிறேன். இதைப் படித்துவிட்டு மருத்துவரிடம் போகாமல் இருந்துவிட வேண்டாம். படித்துவிட்டுப் போனால் அங்கே பேச்சு தெளிவாக இருக்கும், அவ்வளவுதான்.

ஸ்கேனில் 'கட்டி' என்று வந்துவிட்டது. புற்றுநோய்தானா?

பெரும்பாலும் இல்லை. சிறுமிகளின் சினைப்பையில் தென்படுபவற்றில் பெரும்பகுதி, மாதச் சுழற்சியில் உண்டாகித் தானாகவே மறைகிற நீர்ப்பைகள். அவற்றை ஒதுக்கிவிட்டு, அறுவை சிகிச்சை வரை போன கட்டிகளை மட்டும் எண்ணினாலும் பத்தில் ஒன்று, மிஞ்சினால் இரண்டுதான் புற்றாக இருக்கும். குழந்தைகளுக்கு வரும் எல்லாப் புற்றுநோய்களையும் சேர்த்துப் பார்த்தால், சினைப்பையில் தொடங்குபவை ஏறத்தாழ நூற்றில் ஒன்று.

நோயின் குணமும் வேறு. பெரியவர்களுக்கு வருவது பெரும்பாலும் சினைப்பையின் மேலுறையைச் சார்ந்த புற்று. சத்தமில்லாமல் வளர்ந்து, முற்றிய பிறகுதான் அது தெரியவரும். சிறுமிகளுக்கு வருவதோ பெரும்பாலும் கருமுட்டையாக வேண்டிய உயிரணுக்களிலிருந்து கிளம்பும் 'ஜெர்ம் செல்' வகை. இது வேகமாக வளரும், வலிக்கும், வயிற்றை வீங்கவைக்கும். அதனால் சீக்கிரம் கண்ணில் படுகிறது. மருந்துக்கும் நன்றாகக் கட்டுப்படுகிறது.

'நீர்க்கட்டி' என்றார்கள். பக்கத்து வீட்டுப் பெண்ணுக்கும் அதேதான் என்கிறார்கள். இரண்டும் ஒன்றா?

அநேகமாக இல்லை. நம் ஊரில் 'நீர்க்கட்டி' என்ற ஒரே சொல்லை இரண்டு வேறு விஷயங்களுக்குப் பயன்படுத்துகிறோம். ஒன்று, பிசிஓஎஸ் எனப்படும் ஹார்மோன் கோளாறு. அதில் சினைப்பைக்குள் சின்னச்சின்ன முட்டைப்பைகள் நிறைய இருக்கும். அவை கட்டியே இல்லை. மற்றொன்று, நீர் நிரம்பிய தனிப் பை. இந்தக் கட்டுரை இரண்டாவதைப் பற்றியும், சதைப்பகுதி கொண்ட கட்டிகளைப் பற்றியும்தான்.

இடையில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். வயதுக்கு வந்து சில ஆண்டுகளே ஆன பெண்ணின் சினைப்பையில் நிறைய முட்டைப்பைகள் தெரிவது இயல்பு. பூப்பெய்தி எட்டு ஆண்டுகள் ஆகும்வரை ஸ்கேனை வைத்து பிசிஓஎஸ் என்று முடிவு கட்டக்கூடாது என்று 2018-ஆம் ஆண்டின் சர்வதேச வழிகாட்டு நெறிகளே சொல்லிவிட்டன. ஆனாலும் பதினான்கு வயதுப் பெண்களின் கையில் அந்த முத்திரையோடு அறிக்கைகள் வந்துகொண்டுதான் இருக்கின்றன.

சிறுமிக்கு ஸ்கேன் எப்படி எடுப்பார்கள்? உள்ளே கருவியை வைத்துப் பார்ப்பார்களா?

இல்லை. கேட்க வெட்கப்பட்டு, ஆனால் மனத்துக்குள் இதையே நினைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும் தாய்மார்கள் நிறையப் பேர். திருமணமான பெண்களுக்குச் செய்யும் உள்வழி ஸ்கேனைச் சிறுமிகளுக்குச் செய்வதில்லை. அடிவயிற்றின் மேல் பசையைத் தடவி, வெளியிலிருந்துதான் பார்ப்போம். வலி இல்லை, ஊசி இல்லை, கதிர்வீச்சும் இல்லை. எத்தனை முறை வேண்டுமானாலும் எடுக்கலாம். அம்மா பக்கத்திலேயே நிற்கலாம். பெண் மருத்துவர்தான் வேண்டும் என்றால் முன்கூட்டியே கேட்டுவிடுங்கள். அதில் தவறே இல்லை.

தண்ணீர் குடிக்கச் சொல்வது நேரத்தைக் கடத்துவதற்காக என்று பலர் நினைக்கிறார்கள். குடலில் இருக்கும் காற்று ஒலியைத் தடுத்துவிடும். சிறுநீர்ப்பை நிரம்பினால் குடலை மேலே தள்ளிவிட்டு, சினைப்பையைப் பார்க்க ஒரு ஜன்னல் திறந்ததுபோல ஆகும். அரைகுறையாக நிரம்பிய பையோடு எடுத்த ஸ்கேனில் 'சினைப்பை தெரியவில்லை' என்று எழுதினால், அதற்கு 'நன்றாக இருக்கிறது' என்று பொருள் இல்லை. கைக்குழந்தையிடம் சிறுநீரை அடக்கச் சொல்ல முடியாது. பாலைக் கொடுத்துவிட்டுக் காத்திருந்து, கிடைத்த இரண்டு நிமிடத்தில் பார்த்துவிட வேண்டியதுதான்.

திரையில் நீங்கள் எதைத் தேடுகிறீர்கள்?

முதலில், கட்டி சினைப்பையிலிருந்துதான் வருகிறதா என்று பார்ப்பேன். அதற்கு எளிய வழி, இரண்டு சினைப்பைகளையும் தனித்தனியாகக் கண்டுபிடிப்பது. இரண்டும் ஒழுங்காக இருந்தால் கட்டிக்குப் பூர்வீகம் வேறு. பூப்பெய்தாத பெண்ணின் சினைப்பை மிகச் சிறியது, ஒன்றிரண்டு மில்லிலிட்டர் அளவுதான். நீளம், அகலம், தடிமன் மூன்றையும் பெருக்கி, அதில் பாதிக்குச் சற்று அதிகமாக எடுத்துக்கொண்டால் கொள்ளளவு வந்துவிடும்.

அடுத்தது உள்ளே என்ன இருக்கிறது என்பது. முழுக் கதையும் இங்கேதான். நீர் கறுப்பாகத் தெரியும். சதை சாம்பல் நிறம். கொழுப்பும் சுண்ணமும் வெள்ளை. மெல்லிய சுவரோடு, உள்ளே எதுவும் இல்லாமல் கருகருவென்று ஒரு வட்டம் தெரிந்தால் அது சாதாரண நீர்ப்பை. எனக்குக் கவலை விட்டது. அதே வட்டத்துக்குள் கொசுவலையைக் கசக்கிப் போட்டதுபோல மெல்லிய இழைகள் தெரிந்தால், நீர்ப்பைக்குள் இரத்தம் கசிந்திருக்கிறது என்று பொருள். உறைந்த இரத்தக்கட்டி பார்ப்பதற்குச் சதைபோலவே இருந்து ஏமாற்றும். ஆனால் கருவியை லேசாக அழுத்தினால் அது தளதளவென்று ஆடும். இரத்தம் ஓடுவதைக் காட்டும் டாப்ளரைப் போட்டுப் பார்த்தால் அதற்குள் ஓட்டம் இருக்காது. சில வாரங்களில் மறைந்தும்விடும்.

டெர்மாய்டு எனப்படும் முதிர்ந்த டெரட்டோமா தனி ரகம். சிறுமிகளின் சினைப்பையில் தோன்றும் புற்றில்லாக் கட்டிகளில் இதுதான் அதிகம். உள்ளே கொழுப்பு, முடி, சில சமயம் பல்கூட இருக்கும். அறுவை சிகிச்சை முடிந்து அதைப் பார்த்த பாட்டிகள் செய்வினை என்று நம்பிப் பயந்துபோனதை நான் கண்டிருக்கிறேன். எந்த உறுப்பாகவும் வளரக்கூடிய உயிரணு ஒன்று வழிதவறி, தோலையும் முடியையும் உண்டாக்கிவிட்டது. வேறு மர்மம் இல்லை. திரையில் அது வெள்ளை உருண்டையாகவும், அதன் பின்னால் விழும் கருநிழலாகவும் தெரியும். முடியிழைகள் மெல்லிய வெண்கோடுகளாகவும் புள்ளிகளாகவும் சிதறிக் கிடக்கும். சில சமயம் நிழல் பெரிதாகி, மேல்விளிம்பு மட்டும் தெரிந்து, கட்டியின் முழு அளவையே சொல்ல முடியாமல் போவதும் உண்டு.

என்னை நிமிர்ந்து உட்காரவைப்பது சதைப்பகுதி. கட்டியில் அது எவ்வளவு, விளிம்பு வழவழப்பா, கரடுமுரடா, அதற்குள் இரத்தம் ஓடுகிறதா என்று பார்ப்பேன். இரத்த ஓட்டம் உள்ள பெரிய சதைக்கட்டி, கூடவே வயிற்றில் கல்லீரல்வரை நீர் கோத்திருப்பது, வயிற்று உறையில் முடிச்சுகள், இடுப்பிலோ முதுகெலும்பின் ஓரத்திலோ பெருத்த நிணநீர்க் கணுக்கள் – இவை சேர்ந்து வந்தால் அன்றைக்கே மருத்துவரைத் தொலைபேசியில் கூப்பிட்டுச் சொல்லிவிடுவேன். கர்ப்பப்பைக்குப் பின்னால் ஒரு கரண்டி நீர் தேங்கியிருப்பதைப் பார்த்து மட்டும் யாரும் பயப்பட வேண்டாம். வயதுக்கு வந்த பெண்ணுக்கு அது வழக்கம்.

அறிக்கையில் 'ஓ-ராட்ஸ் 4' என்று இருக்கிறது. அது என்ன எண்?

அமெரிக்கக் கதிரியக்கவியல் கல்லூரி உருவாக்கிய தரவரிசை. ஸ்கேன் செய்பவர்கள் ஆளுக்கொரு சொல்லைப் பயன்படுத்திக் குழப்பியதால், 2018-இல் முதலில் பொதுச் சொற்களை வகுத்தார்கள். 2020-இல் அபாயத்தை எண்களாகப் பிரித்தார்கள். 2022-இல் திருத்தினார்கள். பூஜ்யம் என்றால் ஸ்கேன் முழுமையாக இல்லை. 1 என்றால் இயல்பு. 2 என்றால் புற்றாக இருக்கும் வாய்ப்பு நூற்றில் ஒன்றுக்கும் கீழே. 3 என்றால் ஒன்று முதல் பத்துக்குள். 4 என்றால் பத்து முதல் ஐம்பதுக்குள். 5 என்றால் ஐம்பதும் அதற்கு மேலும்.

கவனியுங்கள், 4 என்பது பத்திலிருந்து ஐம்பது வரை நீண்டு கிடக்கும் மிகப் பெரிய வீடு. அதன் வாசலில் நிற்பவரும் கொல்லைப்புறத்தில் நிற்பவரும் ஒரே முகவரியைத்தான் சொல்வார்கள். ஆகவே எண்ணை மட்டும் படிக்காமல், எதனால் அந்த எண் வந்தது என்று கேளுங்கள். சதைப்பகுதி ஏதும் இல்லாமல், தடுப்புகள் மட்டும் உள்ள பை பத்து சென்டிமீட்டரைத் தாண்டினாலே 4 ஆகிவிடும். சதையும் இரத்த ஓட்டமும் உள்ள கட்டியும் 4 ஆகலாம். இரண்டும் ஒரே கவலையைத் தருபவை இல்லை.

பெரியவர்களுக்காகச் செய்த அந்த எண்ணைச் சிறுமிக்குப் பொருத்தலாமா?

நல்ல கேள்வி. நீங்கள் கேட்காவிட்டாலும் மருத்துவர் கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்வி. ஓ-ராட்ஸில் உள்ள சதவீதங்கள், ஐயோட்டா என்ற சர்வதேச ஆய்வுக்குழு 1999 முதல் திரட்டிய ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட பெண்களின் பதிவுகளிலிருந்து வந்தவை. அறுவை சிகிச்சைக்குப் போன வயதுவந்த பெண்களே அதில் பெரும்பான்மை. அட்டவணையில் வயது என்று இருப்பது மாதவிடாய் நின்றவரா, நிற்காதவரா என்ற ஒரே பிரிவு. மூன்று வயதுக் குழந்தையும் நாற்பது வயதுத் தாயும் அதில் ஒரே கட்டத்தில் போய் உட்காருகிறார்கள்.

இன்னொரு நிபந்தனையும் உண்டு. திடீர் வலி போன்ற அவசர அறிகுறிகள் இல்லாதவர்களுக்குத்தான் இந்த அட்டவணை என்று அதை வகுத்தவர்களே சொல்லியிருக்கிறார்கள். ஆனால் சிறுமிகளில் கணிசமானோர் ஸ்கேனுக்கு வருவதே வலியால் துடித்துக்கொண்டுதான்.

அதற்காக அதைத் தூக்கியெறிய வேண்டும் என்று நான் சொல்லவில்லை. எல்லோரும் ஒரே சொற்களில் எழுதினால் வேலூரில் எழுதிய அறிக்கை சென்னையில் உள்ளவருக்கும் புரியும். அது பெரிய லாபம். என் கணிப்பு இதுதான்: சிறுமிக்கு 2 என்று வந்தால் நிம்மதியாக நம்பலாம். 4 அல்லது 5 வந்தால், அதோடு எழுதியிருக்கும் சதவீதத்தை அப்படியே மகளின் மேல் ஏற்றாதீர்கள். அந்த எண்ணுக்குப் 'பார்க்கத் தெரிந்தவரிடம் காட்டுங்கள்' என்று மட்டும் பொருள் கொள்ளுங்கள்.

திடீரென்று வலி, வாந்தி. சினைப்பை முறுக்கிக்கொண்டது என்கிறார்கள். அதே சமயம் 'பெரிய கட்டி, புற்றாக இருக்கலாம்' என்றும் சொல்கிறார்கள். எது உண்மை?

இந்தத் துறையில் பெரிய வேஷக்காரன் இந்த முறுக்குதான். சினைப்பை தன் காம்பில் திருகிக்கொண்டால், இரத்தம் உள்ளே வந்துகொண்டிருக்கும், வெளியேற வழியில்லாமல் தேங்கும். ஓரிரு மில்லிலிட்டர் இருந்த உறுப்பு எலுமிச்சை அளவாகி, ஆரஞ்சு அளவாகி வீங்கும். சாம்பல் நிறமாக, சதைக்கட்டிபோலத் தெரியும். சுற்றிலும் நீர் சேரும். பெரிய சதைக்கட்டி, வயிற்றில் நீர் – அட்டவணையை வைத்துக் கண்ணை மூடிக்கொண்டு எண் போட்டால் 5-இல் போய் நிற்கும்.

வேஷத்தைக் கலைக்கச் சில தடயங்கள் உண்டு. வீங்கிய சினைப்பையின் ஓரத்தில் முட்டைப்பைகள் முத்துமாலைபோல வரிசையாக ஒதுங்கி நிற்கும். காம்பைத் தேடிப் பிடித்தால் அது நீர்ச்சுழிபோலச் சுருண்டிருக்கும். சினைப்பை இருக்க வேண்டிய இடத்தை விட்டு நடுவுக்கோ, கர்ப்பப்பைக்கு முன்னாலோ வந்திருக்கும். வலது பக்கத்தில் இது அதிகம். இடது பக்கம் பெருங்குடலின் வளைவு சினைப்பையைச் சற்றுப் பிடித்துவைத்துக்கொள்கிறது. சிறுமிகளில் கட்டியே இல்லாமலும் சினைப்பை முறுக்கிக்கொள்ளும்.

டாப்ளரில் இரத்த ஓட்டம் தெரிகிறது, ஆகவே முறுக்கு இல்லை என்று எழுதுவது ஆபத்தான தவறு. சினைப்பைக்கு இரண்டு வழிகளில் இரத்தம் வருகிறது. ஒன்று அடைபட்டாலும் மற்றது ஓடலாம். பாதி முறுக்கில் ஓட்டம் தெரிந்துகொண்டே இருக்கும்.

இங்கே நேரம்தான் முக்கியம். முறுக்கு என்று சந்தேகம் வந்தால், புற்றா இல்லையா என்று ஆராய எம்ஆர்ஐக்கு நாள் குறித்துவிட்டுக் காத்திருக்கக்கூடாது. சிறு துளை வழியே உள்ளே விடும் லேப்பராஸ்கோப்பில் பார்த்து, முறுக்கைப் பிரித்துவிட வேண்டும். பிரிக்கும்போது சினைப்பை கருநீலமாக, செத்துப்போனதுபோல இருக்கும். ஆனாலும் எடுக்காமல் விட்டுவிட்டால் பல நேரம் அது பிழைத்துக்கொள்கிறது. சில வாரம் கழித்து ஸ்கேன் எடுத்தால் உள்ளே புதிய முட்டைப்பைகள் தெரியும். முறுக்கிக்கொண்ட சினைப்பைக்குள் புற்று ஒளிந்திருப்பது சிறுமிகளில் மிக அரிது. வீக்கம் வடிந்த பிறகும் கட்டி தெரிந்தால் அப்போது நிதானமாகப் பார்த்துக்கொள்ளலாம்.

கட்டியின் அளவு முக்கியமா?

முக்கியம், ஆனால் தனியாக இல்லை. சிறுமிகளைப் பற்றிய ஆய்வுகளில் எட்டு சென்டிமீட்டர் என்ற எல்லை திரும்பத் திரும்ப வருகிறது. அதைத் தாண்டிய கட்டியில் சதைப்பகுதியும் இருந்தால் கவலை கூடுகிறது. வெறும் நீர்ப்பை பன்னிரண்டு சென்டிமீட்டர் இருந்தாலும் அது நீர்ப்பைதான். முறுக்கிக்கொள்ளுமே என்ற பயம் வேண்டுமானால் உண்டு.

பிறந்த குழந்தைக்கே சினைப்பையில் நீர்ப்பை என்கிறார்களே?

தாயின் ஹார்மோனும் நச்சுக்கொடியின் ஹார்மோனும் கருவிலிருக்கும் பெண் குழந்தையின் சினைப்பையைத் தூண்டிவிடுவதால் வருவது. பிறந்த பின் தூண்டுதல் நின்றுவிடுவதால், பெரும்பாலானவை சில மாதங்களில் சுருங்கிவிடும். பெரிய பைக்குள் சுவரை ஒட்டி இன்னொரு குட்டிப் பை தெரிந்தால், இது சினைப்பையிலிருந்து வந்ததுதான் என்று அநேகமாக உறுதியாகிவிடும். நான்கு, ஐந்து சென்டிமீட்டருக்கு மேல் இருந்தால் முறுக்கிக்கொள்ளக்கூடும் என்பதால் குழந்தை அறுவை சிகிச்சை நிபுணர் பார்க்க வேண்டும். புற்றுநோய்ப் பேச்சுக்கு இங்கே இடமே இல்லை என்றே சொல்லிவிடலாம்.

ஆறு வயதுதான் ஆகிறது. மார்பு வளர்கிறது, இரத்தப்போக்கும் வந்துவிட்டது. இதற்கும் சினைப்பைக்கும் தொடர்பு உண்டா?

உண்டு, உடனே பார்க்க வேண்டும். சில கட்டிகள் தாங்களே ஹார்மோனைச் சுரக்கும். இளம்பருவ கிரானுலோசா செல் கட்டி பெண்மை ஹார்மோனைச் சுரந்து, வயதுக்கு முன்பே பூப்பெய்தவைக்கும். ஸ்கேனில் அது பஞ்சுபோல, சதையும் சிறு பைகளும் கலந்து தெரியும். வேறொரு வகை, ஆண் ஹார்மோனைச் சுரந்து முகத்தில் முடியும் குரலில் மாற்றமும் கொண்டுவரும்.

ஆனால் இங்கே ஒரு பொறி இருக்கிறது; எனக்கு மிகவும் பிடித்த பொறியும்கூட. சிறுமி வயதுக்கேற்ற உயரம் இல்லை, சோர்வாக இருக்கிறாள், மலச்சிக்கல், அதோடு சீக்கிரமே இரத்தப்போக்கு. ஸ்கேனில் இரண்டு பக்கச் சினைப்பைகளும் பெருத்து, திராட்சைக் குலைபோல நீர்ப்பைகள். பார்த்தவுடன் கட்டி என்றே தோன்றும். உண்மையில் அது நீண்ட நாள் கவனிக்காமல் விட்ட தைராய்டு குறைபாடாக இருக்கலாம். தைராய்டு மாத்திரை கொடுத்தால் சில மாதங்களில் சினைப்பைகள் சுருங்கிவிடும். கத்தியை எடுப்பதற்கு முன் டிஎஸ்எச் எனப்படும் தைராய்டு இரத்தப் பரிசோதனை ஒன்று போதும், செலவும் குறைவு.

இரத்தப் பரிசோதனையில் புற்றுநோய் தெரிந்துவிடாதா?

உதவும், ஆனால் தீர்ப்புச் சொல்லாது. சில கட்டிகளால் இரத்தத்தில் கூடும் குறியீடுகளான ஏஎஃப்பி, பீட்டா எச்சிஜி, எல்டிஎச் ஆகிய மூன்றையும் சந்தேகமான எந்தச் சதைக்கட்டிக்கும் அறுவை சிகிச்சைக்கு முன்பே எடுத்துவிட வேண்டும். கட்டியை எடுத்த பிறகு 'முன்பு எவ்வளவு இருந்தது' என்று கண்டுபிடிக்க வழி இல்லை. ஹார்மோன் அறிகுறிகள் இருந்தால் இன்ஹிபின், எஸ்ட்ரடையால், டெஸ்டோஸ்டீரான் ஆகியவையும் சேரும்.

மூன்று எச்சரிக்கைகள் சொல்ல வேண்டும். கைக்குழந்தைக்கு ஏஎஃப்பி இயல்பாகவே பல மடங்கு அதிகம். பெரியவர்களின் அளவுக்கு இறங்க ஏறக்குறைய ஓர் ஆண்டு ஆகும். மாத வயதுக்குரிய அளவோடு ஒப்பிடாமல் ஆய்வகத் தாளில் தடித்த எழுத்தில் இருப்பதைப் பார்த்து அலற வேண்டாம். எல்லா அளவுகளும் சரியாக இருந்தாலும் புற்று இல்லை என்று ஆகிவிடாது. பெரியவர்களின் சினைப்பைப் புற்றுக்குப் பார்க்கும் சிஏ-125 என்ற இரத்தப் பரிசோதனை சிறுமிகளுக்கு அவ்வளவாகப் பயன்படாது. முறுக்கிலும் அது ஏறும். நம் நாட்டில் வயிற்றுக் காசநோயிலும் ஏறும். வயிற்றில் நீர், சினைப்பைப் பக்கம் வீக்கம், உயர்ந்த சிஏ-125 மூன்றையும் சேர்த்துப் புற்று என்று வயிற்றைத் திறந்து, உள்ளே காசநோயைக் கண்ட கதைகள் மருத்துவ இதழ்களில் நிறைய உண்டு.

எம்ஆர்ஐ, சிடி எல்லாம் தேவையா?

ஸ்கேனில் சந்தேகம் தீராதபோது எம்ஆர்ஐ. கட்டி எங்கிருந்து வருகிறது, கொழுப்பா இரத்தமா என்று அது தெளிவாகச் சொல்லும். சிறு குழந்தையை அசையாமல் படுக்கவைக்க மயக்க மருந்து வேண்டியிருக்கும், அவ்வளவுதான் சிரமம். சிடியில் கதிர்வீச்சு உண்டு. புற்று என்று உறுதியானால் நுரையீரலைப் பார்க்க அது வேண்டும். சாதாரண நீர்ப்பைக்குச் சிடி எடுக்கச் சொன்னால் ஏன் என்று கேளுங்கள்.

ஊசியால் கொஞ்சம் எடுத்துப் பரிசோதித்தால் தெரிந்துவிடுமே?

வேண்டாம். சினைப்பைக் கட்டி உறைக்குள் அடைபட்டிருக்கும்வரை நமக்கு நல்லது. அதில் ஓட்டை போட்டால் உள்ளே இருப்பது வயிற்றுக்குள் சிந்தும். ஒருவேளை புற்றாக இருந்தால், முதல் நிலையில் இருந்த நோய் நம் கையாலேயே அடுத்த நிலைக்கு ஏறிவிடும். அறுவை சிகிச்சையிலும் சந்தேகமான கட்டியை உடைக்காமல் முழுதாக எடுப்பதுதான் முறை. அதற்காக வெட்டுத் தழும்பு கொஞ்சம் பெரிதாக வந்தாலும் பரவாயில்லை.

'பேசாமல் அந்தச் சினைப்பையையே எடுத்துவிடலாம்' என்கிறார்கள். சம்மதிக்கலாமா?

கையெழுத்துப் போடுவதற்கு முன் இரண்டு கேள்வி கேளுங்கள்: புற்று என்று சந்தேகிக்கக் காரணம் என்ன? கட்டியை மட்டும் உரித்தெடுக்க முடியாதா?

ஸ்கேன் சரியாகப் படிக்கப்பட வேண்டும் என்று நான் இவ்வளவு வலியுறுத்துவதற்குக் காரணமே இதுதான். ஸ்கேனின் வேலை புற்றைக் கண்டுபிடிப்பது என்றுதான் எல்லோரும் நினைக்கிறார்கள். சிறுமிகளைப் பொறுத்தவரை அதற்குச் சமமான இன்னொரு வேலை, தேவையில்லாமல் ஓர் உறுப்பு போய்விடாமல் காப்பது. டெர்மாய்டு போன்ற புற்றில்லாக் கட்டிக்காக முழுச் சினைப்பையையும் எடுத்துவிடுவது உலகெங்கும் நடக்கிறது. அமெரிக்காவில் 11 குழந்தைகள் மருத்துவமனைகள் சேர்ந்து ஒரு முறையை நடைமுறைப்படுத்திப் பார்த்தன. ஸ்கேனில் கட்டியின் தன்மை, அளவு, இரத்தக் குறியீடுகள் ஆகியவற்றை ஒரே வரிசையில் பார்த்து, அதன் பிறகே முடிவெடுப்பது என்பதுதான் முறை. 6 முதல் 21 வயதுவரை உள்ளவர்களில், புற்றில்லாக் கட்டிக்காகத் தேவையின்றிச் சினைப்பையை எடுப்பது 16.1 சதவீதத்திலிருந்து 8.4 சதவீதமாகக் குறைந்தது. 2023-இல் ஜாமா என்ற மருத்துவ இதழில் வெளிவந்த முடிவு இது. புதிய இயந்திரம் எதையும் அவர்கள் வாங்கவில்லை. கையில் இருந்த தகவல்களை ஒழுங்காகப் பார்த்தார்கள்.

ஒரு சினைப்பை போய்விட்டால் கல்யாணம், குழந்தை?

மற்றொன்று நன்றாக இருந்தால் மாதவிடாய் வரும், கருத்தரிக்கவும் முடியும். பிறகு ஏன் எடுக்கக்கூடாது என்கிறோம்? மீதமிருப்பதிலும் என்றைக்காவது முறுக்கோ கட்டியோ வந்தால் கையில் எதுவும் மிஞ்சாது. டெர்மாய்டு பத்தில் ஒருவருக்கு இரண்டு பக்கமும் வரக்கூடியது. 'வெளியே சொல்லாதீர்கள்' என்று கிசுகிசுக்கும் குடும்பங்களுக்கு நான் சொல்வது இதுதான்: ஊருக்குச் சொல்ல வேண்டாம், ஆனால் மகளிடம் சொல்லுங்கள். இருபத்தைந்து வயதில் கர்ப்ப ஸ்கேனுக்குப் போகும்போது தன் உடலில் ஒரு சினைப்பை இல்லை என்பதை முதல் முறையாக அங்கே படுத்துக்கொண்டு தெரிந்துகொண்ட பெண்ணின் முகம் எனக்கு மறக்கவில்லை.

புற்று என்றே உறுதியானால்?

ஜெர்ம் செல் புற்றுகளுக்கு, பாதிக்கப்பட்ட பக்கத்தை மட்டும் எடுத்துவிட்டு, கர்ப்பப்பையையும் மறுபக்கச் சினைப்பையையும் காப்பாற்றுவதே வழக்கம். ஆரம்ப நிலையில் சிலருக்கு அறுவை சிகிச்சையோடு கண்காணிப்பே போதுமானது. மற்றவர்களுக்கு சிஸ்பிளாட்டின் அடிப்படையிலான மருந்துகள். அந்த மருந்து வந்த பிறகு இந்த நோயின் போக்கே மாறிவிட்டது. ஆரம்ப நிலையில் பத்தில் ஒன்பது குழந்தைகளுக்கு மேல் பிழைத்துக்கொள்கிறார்கள். முதல் அறுவை சிகிச்சையைக் குழந்தைப் புற்றுநோயில் பழக்கமுள்ள குழு செய்வது மிக முக்கியம். வயிற்று நீரை மாதிரிக்கு எடுப்பது, வயிற்று உறையையும் கணுக்களையும் தடவிப் பார்ப்பது எல்லாம் அன்றைக்கே நடந்தாக வேண்டும். விட்டுவிட்டால் மறுபடி திறக்க நேரும்.

கட்டி சினைப்பையில் இல்லாமலும் இருக்கலாமா?

இருக்கலாம். பதின்மூன்று, பதினான்கு வயதாகியும் பூப்பெய்தவில்லை, ஆனால் மாதாமாதம் வலி, அடிவயிற்றில் உருண்டை என்றால், கன்னிச்சவ்வில் துளை இல்லாமல் மாதவிடாய் இரத்தம் உள்ளேயே தேங்கியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். சிறிய அறுவை சிகிச்சையில் சரியாகிவிடும். சீழ்பிடித்த குடல்வால், கருக்குழாயை ஒட்டிய நீர்ப்பை, எதுவும் இல்லாமல் வெறுமனே நிரம்பித் ததும்பும் சிறுநீர்ப்பை – எல்லாமே 'கட்டி' என்று எழுதப்பட்டு என் மேசைக்கு வந்திருக்கின்றன.

'ஆறு வாரம் கழித்து மறுபடி ஸ்கேன்' என்றார்கள். அதுவரை சும்மா இருப்பதா?

நீர்ப்பைக்கும் இரத்தம் கசிந்த பைக்கும் அதுதான் சரியான மருத்துவம். ஒன்றிரண்டு மாதச் சுழற்சி கடந்த பிறகு அது சுருங்கியிருந்தால் விஷயம் முடிந்தது. மாதவிடாய் முடிந்த சில நாள்களில் எடுத்தால் புதிய பைகள் குழப்பாது. நடுவில் திடீரென்று கடும் வலியோ, வாந்தியோ வந்தால் தேதியைப் பார்க்காமல் அன்றிரவே அவசரப் பிரிவுக்குப் போங்கள். சதைப்பகுதி உள்ள கட்டிக்கு ஆறு வாரம் என்று சொன்னால் மட்டும் இன்னொரு மருத்துவரிடம் கேட்டுவிடுங்கள்.

மறுபடி வரும்போது பழைய படங்களையும் கொண்டுவாருங்கள். எழுதிய தாளை மட்டும் இல்லை, படங்களை. பலரும் அவற்றைச் சுருட்டி பீரோவுக்கு மேல் போட்டுவிடுகிறார்கள். ஆறு சென்டிமீட்டர் நான்காகக் குறைந்ததா, நான்கு ஆறாக வளர்ந்ததா என்பது அந்தப் பழைய படத்தில்தான் இருக்கிறது.